நம்ம தோட்டத்தில் லெமூரா? கொங்காங் பற்றி ஒரு நீண்ட இழை

மலேசியாவின் கூலிமிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:
"சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் லெமூர் பிடித்திருக்கிறார்கள் என்று வாட்சப்பில் வீடியோ சுற்றுகிறது. பெரிய கண், பூனைக்குட்டி அளவு, பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்திருக்கிறது. நம் நாட்டில் லெமூர் உண்டா? பார்த்தால் ரொம்பச் சாதுவாக இருக்கிறதே, வீட்டில் வளர்க்கலாம்தானே?"

4 ஜனவரி, மாலை

அந்த வீடியோ எங்கள் தோட்டம்தான். கூடையும் எங்கள் தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டுக் கூடைதான். லெமூர் கிடையாது. லெமூர் மடகாஸ்கருக்கே உரியது. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில்கூட இல்லை, சுங்கை சிப்புட்டுக்கு எங்கே வரும். இது கொங்காங். தமிழ்நாட்டில் தேவாங்கு என்கிறார்களே, அதற்குப் பங்காளி.

வளர்க்கக் கூடாது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், ஆலையில் இரவு ஷிப்ட்.

5 ஜனவரி, காலை

சரி, இப்போது கொஞ்சம் விவரமாக.

லெமூருக்கும் கொங்காங்குக்கும் உறவு இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் ஈர மூக்கு. கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்புப் போல முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதை வைத்துத்தான் ரோமம் கோதும். குரங்கு வகையில் பழைய கிளை அது. அந்தக் கிளையில் ஒரு பிரிவு மடகாஸ்கரில் தனியாக மாட்டிக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் இனங்களாகப் பெருகியது. மற்றொரு பிரிவு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தங்கிவிட்டது. பகலில் குரங்குகளோடு மல்லுக்கட்ட முடியாமல் இரவை எடுத்துக்கொண்டது என்று சொல்பவர்கள் உண்டு.

நம் தீபகற்பத்தில் இருக்கும் கொங்காங் ஒரே இனம்தான், சுண்டா தேவாங்கு என்பார்கள். சுமத்ராவிலும் சிங்கப்பூரிலும் இதே இனம்தான். முக்கால் கிலோகூட இருக்காது. கண்ணைச் சுற்றிப் பழுப்பு வளையம், நடுவில் வெள்ளைக் கோடு, முதுகில் தலைமுதல் இடுப்புவரை ஒரு கறுப்புப் பட்டை.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போவார். மேலே வெளிச்சம் பட்டால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண் தெரியும், அசையாது. யாரும் பயந்து ஓடியதில்லை. "கொங்காங் இருக்குது" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடுத்த மரத்தில் கத்தி வைப்பார்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருப்பதால் அப்படி மின்னுகிறது. சபா, சரவாக்கில் இருக்கும் டார்சியர் என்ற இன்னொரு இரவு விலங்குக்கு அந்தப் படலம் கிடையாது. அது கண்ணையே மூளை அளவுக்குப் பெரிதாக்கிச் சமாளித்துக்கொண்டது.

கூடையில் இருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். விளிம்பைப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் மற்றதைவிடக் குட்டை. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்றவை எதிர்ப்பக்கம். குறடு போட்ட மாதிரி ஒரு பிடி. கடைசி வீட்டு அக்கா ரப்பர் கையுறை மாட்டி விடுவித்துப் பார்த்தார். ஒரு விரலை எடுத்தால் அடுத்த விரல் போய் ஒட்டிக்கொண்டது. கைகால்களில் ரத்தக்குழாய்கள் வலை மாதிரிப் பின்னியிருப்பதால் மணிக்கணக்கில் ஒரே கிளையைப் பற்றியிருந்தாலும் மரத்துப்போகாதாம்.

இன்னொன்று, இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்: கொங்காங் தாவாது. அணில், குரங்கு மாதிரி இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குக் குதிக்கவே தெரியாது. ஒரு கிளையை விடுமுன் அடுத்த கிளை கையில் இருக்க வேண்டும்.

பெர்ஹிலித்தானுக்கு, அதாவது வனவிலங்குத் துறைக்கு, அழைத்தோம், வந்து எடுத்துப் போனார்கள். கூண்டில் விடுமுன் வாயைத் திறந்து பல்லைத்தான் முதலில் பார்த்தார்கள். பல் முழுசாக இருந்தது.

6 ஜனவரி

கிள்ளானிலிருந்து ஒரு தங்கை: "அண்ணா, யூடியூபில் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு சந்தோஷமா இருக்குதே?"

சந்தோஷம் இல்லையம்மா. அது சண்டைக்குத் தயாராகும் நிலை. முழங்கைக்கு உட்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. மிரண்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கும், அப்போது சுரப்பி வாய்க்கு நேராக வரும். அந்த எண்ணெயை நக்கி எச்சிலோடு கலந்தால் விஷம். விஷக்கடி உள்ள ஒரே குரங்கினம் இந்தக் கொங்காங் வகைதான். அந்த எண்ணெயில் உள்ள புரதம் பூனை ஒவ்வாமை வருகிறதே, அந்தப் புரதத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

2009 வாக்கில் அந்த மாதிரி வீடியோக்கள் பரவிய பிறகுதான் உலகம் முழுக்க "எனக்கும் ஒன்று" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2013இல் புக்கெட்டில் பாடகி ரிஹானா ஒரு தேவாங்கோடு படம் எடுத்துப் போட, தாய்லாந்துப் போலீஸ் அதை வைத்திருந்தவர்களைப் பிடித்தது. பிடித்தார்கள் சரி, படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை கோடி?

7 ஜனவரி

கடியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் சித்தப்பாவைக் கடித்திருக்கிறது. நான் பள்ளியில் படிக்கும்போது ஓடைக்கரையில் விழுந்து கிடந்ததைத் தூக்கி வந்தார், பாவம் பார்த்து. மோதிர விரலில் ஒரே கடி. மத்தியானத்துக்குள் கை பந்தாகி, மோதிரத்தை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். அவருக்கு வீக்கத்தோடு போயிற்று. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சே அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகிவிடும். கடி பட்டால் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் கடிக்குப் பயந்துதான் விற்பவர்கள் பல்லைப் பிடுங்குகிறார்கள், நகவெட்டியாலும் குறட்டாலும், மயக்க மருந்து இல்லாமல். புண் சீழ் வைத்துப் பல அப்படியே செத்துப்போகும். பிழைத்தது மரப்பிசினைச் சுரண்டித் தின்ன முடியாது, ரோமம் கோத முடியாது, ஆகையால் திரும்பக் காட்டில் விடவும் முடியாது. பல்லைப் பார்த்தார்கள் என்று எழுதினேனே, அதற்குக் காரணம் இதுதான்.

9 ஜனவரி

"எங்கள் தைப்பிங் வீட்டுத் தென்னையில் பறக்கும் லெமூர் வருகிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒரு ஐயா கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார்.

அது குபோங், ஐயா. பெயரில் மட்டும் லெமூர். பறப்பதும் இல்லை, கழுத்திலிருந்து வால் நுனிவரை விரியும் தோலை வைத்து மிதந்து போகும், ஒரே வீச்சில் நூறு மீட்டருக்கு மேல்கூட. குரங்கினமே இல்லை, ஆனால் குரங்கினத்துக்கு மிக நெருங்கிய உறவு. உங்கள் தென்னை மட்டையில் கொத்தாகத் தொங்குவது அம்மாவும் வயிற்றில் ஒட்டிய குட்டியுமாக இருக்கலாம். விரட்டாதீர்கள், தேங்காயைத் தொடாது. இலையும் தளிரும்தான் சாப்பாடு.

பாருங்கள், நூறு மீட்டர் மிதப்பவனும் தாவவே தெரியாதவனும் ஒரே ஊரில். மரத்தை வெட்டினால் யாருக்கு முதலில் வலிக்கும்?

11 ஜனவரி

இன்றைக்குக் கள்ளுக் கதை.

லுமுட்டுக்குப் போகும் வழியில் செகாரி மெலிந்தாங் காடு இருக்கிறது, நம் பேராக்கிலேயேதான். அங்கே பிராங்க் வியன்ஸ் என்ற ஜெர்மானியர் குழு இரவு இரவாக உட்கார்ந்து, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய கொங்காங்குகளைப் பின்தொடர்ந்தது. 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பெர்த்தாம் பனை தெரியும்தானே? தண்டே தெரியாமல் முள்ளோடு தரையிலிருந்து கிளம்புமே, மலாய்க் கிராமங்களில் அத்தாப்புக் கூரைக்கு ஓலை எடுப்பார்களே, அதுதான். அதன் மொட்டில் ஊறும் தேன் அங்கேயே ஈஸ்ட் பட்டுப் புளித்து நுரைக்கும். கிட்டப் போனால் கள்ளுக்கடை வாசம். அதிகபட்சம் 3.8 சதவிகித ஆல்கஹால் அளந்திருக்கிறார்கள். தோட்டத்துக் கள்ளைவிடக் கொஞ்சம் இளசு.

இரவில் அந்தப் பனைக்கு ஒரு கூட்டமே வருகிறது. முதல் வாடிக்கையாளர் இறகுவால் மூஞ்சூறு என்று சொல்லக்கூடிய ஒரு சின்ன மரமூஞ்சூறு; வால் நுனியில் மட்டும் எழுதுகோல் இறகு மாதிரி ரோமம். அடுத்தது நம்ம கொங்காங். ஓர் இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கழிக்கிறது. மூஞ்சூறு குடிக்கும் அளவை உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் மனுசன் படுத்துவிடுவான். இவை தள்ளாடுவதே இல்லை. விழவில்லை, சண்டை இல்லை, பாட்டு இல்லை.

குடித்ததற்குப் பதிலாக மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. கடன் சொல்லாத குடிகாரர்கள்.

11 ஜனவரி, இரவு

"எங்க தாத்தாவும் தள்ளாடவே மாட்டார்" என்று எழுதிய தம்பிக்கு: உன் தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன்.

13 ஜனவரி

நேற்று ஒருவர், "தேவாங்கு என்பதே நம் ஆட்கள் ஒல்லியானவனைத் திட்டும் வார்த்தை, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா" என்று அலுத்துக்கொண்டார். திட்டுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, என்னையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அங்கே இருப்பது மெலிந்த வகை, கால் குச்சி குச்சியாக இருக்கும். மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் அதைப் பிடித்துப்போன ஊரில், விளைநிலப் பூச்சியைத் தின்கிறது என்று விவசாயிக்கே வேண்டியதாகிவிட்டது.

மடகாஸ்கரில் ஐ-ஐ என்றொரு லெமூர். நடுவிரல் மட்டும் கம்பி மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். அதால் மரத்தைத் தட்டிக் கேட்டு, உள்ளே பொந்து இருப்பதைக் கண்டுபிடித்து, பட்டையைக் கடித்துப் புழுவை இழுக்கும். அந்த விரல் தன்னைச் சுட்டினால் சாவு என்று நம்பும் கிராமங்களில் கண்ட இடத்தில் அடித்துவிடுவார்கள். ஆந்தை கத்தினால் கல்லெடுக்கும் நாம் அவர்களைச் சொல்ல முடியாது.

லெமூர்களின் நிலையைக் கேட்டவருக்கு: 2020 கணக்குப்படி 107 இனங்களில் 103 அழிவின் ஏதோ ஒரு படியில் இருக்கின்றன, 33 கடைசிப் படியில். காட்டை எரித்து நெல் போடுவதும், கரிக்கு வெட்டுவதும், பசிக்குப் பிடித்துத் தின்பதும்தான் காரணம். நம் கொங்காங்கை அழிவு அபாயம் என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

17 ஜனவரி

பொங்கல் முடிந்தது. வாங்கலாமா, எவ்வளவு என்று தனிச்செய்தியில் ஒருவர் விலை கேட்கிறார், இவ்வளவு எழுதிய பிறகும்! 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. வைத்திருந்தாலே குற்றம். ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்று இருந்ததை 2022இல் திருத்தி இன்னும் கூட்டிவிட்டார்கள். வெளிநாட்டு வியாபாரமும் 2007 முதல் முழுத் தடை. விலை போதுமா, தம்பி?

19 ஜனவரி

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். இவ்வளவு நாள் கடியும் கள்ளும் பேசியாயிற்று.

அந்தக் கொங்காங் எப்படிக் கூடைக்கு வந்தது? யாரும் வேட்டைக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்தில் ஓடைக்கு மேல்பக்கம் பழைய செம்பனை (பாமாயில் மரம்) மறுநடவு நடக்கிறது. எஸ்கவேட்டர் வந்து மரங்களைச் சாய்த்துச் சிப்பு சிப்பாகச் சீவிப் போட்டிருக்கிறது. ஓடைக்கரையில் கைவிட்ட பால்மரம், பெத்தாய், காட்டு அத்தி என்று ஒரு பட்டை நின்றது. அதிலும் பாதியை, வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று வழித்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் சிவப்பு மண்மேட்டில், வெட்டவெளியில், இது நடந்து போயிருக்கிறது. நாய்கள் சுற்றி வளைத்ததும் அக்கா கூடையைக் கவிழ்த்திருக்கிறார். அக்கா செய்தது நல்ல காரியம், வீடியோ எடுத்த பையன் செய்ததுதான் வேண்டாத வேலை.

தாவத் தெரியாத மிருகத்துக்குப் பத்தடி இடைவெளியே ஒரு சுவர். தரையில் இறங்கினால் நாய், மோட்டார், லோரி. மின்கம்பியில் ஏறினால் கருகும். பெண் ஆறு மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டிதான் போடும். இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போகும். அந்தக் கிளை இருக்கும் மரத்தைப் பகலில் வெட்டினால்?

ஆளாளுக்கு "காட்டு மிருகத்துக்குத் தோட்டத்தில் என்ன வேலை" என்கிறார்கள். அது நமக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. பால்மரத் தோட்டம் அதற்குப் பரவாயில்லை, ஓரத்தில் பழமரமும் புதரும் இருக்கும். ஓடைக்கரைப் பட்டை அதற்கு வீடும் சாலையும்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில், ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கே கரைக்கு ஐந்து மீட்டர் ஒதுக்கு நிலம் உண்டு, ஆறு அகலமாக ஆக ஐம்பது மீட்டர் வரை. செம்பனைக்கு எம்.எஸ்.பி.ஓ என்ற மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், அதிலும் ஆற்றோரம், பாதுகாக்கப்பட்ட மிருகம் எல்லாம் வருகிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. எங்கள் நிர்வாகத்திடம் (பெயர் வேண்டாம், நான் சம்பளம் வாங்குகிறேன்) மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) மூலம் கேட்டோம். "மிருகத்துக்கு மரம் விடச் சொல்றீங்க, நாளைக்கு பாம்பு வந்தா யார் பதில் சொல்றது?" என்றாராம் மேனேஜர். செம்பனைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அது ஓடைக்கரை மரம் கொண்டு வந்த பாம்பு இல்லை.

23 ஜனவரி

பந்திங்கிலிருந்து எழுதும் அண்ணன், பத்து இருபது வயதுச் செம்பனையில் மட்டைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டுதானே நிற்கின்றன, கொங்காங் அதிலேயே நடந்துகொள்ளலாமே என்கிறார். யோசிக்க வைத்த கேள்வி. நடக்கலாம், கடந்து போகலாம். ஆனால் சுரண்டப் பிசின் இல்லை, பகலில் சுருண்டு படுக்க அடர்ந்த கொடிப் புதர் இல்லை, தேன் தரும் மரவகையும் இல்லை. மட்டை சீவும் நாளில் அந்தச் சாலையும் போய்விடும், இருபத்தைந்து வருடத்தில் மறுநடவில் எல்லாமே ஒரே வாரத்தில் மொட்டை. அதனால் செம்பனையை எதிரி என்று நான் சொல்லவில்லை, என் வீட்டு அரிசி அதில்தான் வருகிறது. ஓடைக்கரைப் பட்டை இருந்தால் செம்பனையும் கொஞ்சம் உதவும், இல்லாவிட்டால் செம்பனை மட்டும் போதாது. அவ்வளவுதான்.

எத்தனை இருக்கிறது என்று எண்ணலாமே என்றும் கேட்டார். தரையில் கட்டும் கேமராவில் இது விழாது, மரத்திலேயே கிடக்கும். இருட்டில் மெதுவாக நடந்து கண் மின்னுவதைப் பார்ப்பதுதான் வழி. விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூச வைக்கும்.

26 ஜனவரி

ஜாவாவில் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் 2011 முதல் ஒரு திட்டம் நடத்துகிறார். அவர் ஆராயும் தேவாங்குகள் இருப்பது விவசாய நிலத்தில். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயை மரத்துக்கு மரம் உயரத்தில் கட்டிவிட்டார்கள். விவசாயிக்குத் தண்ணீர், தேவாங்குக்குப் பாலம். அவை அதில் நடக்கப் பழகிக்கொண்டன. பினாங்கில் தெலுக் பகாங் சாலைக்கு மேல் பழைய தீயணைப்புக் குழாயில் 2019இல் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், அங்கே லூத்தோங் குரங்குகள் கடக்கின்றன.

எங்கள் ஓடையில் மிஞ்சிய இரண்டு மரத்திட்டுக்கும் நடுவில் வண்டிப்பாதை அகலம்தான் இடைவெளி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் போகும் கறுப்புக் குழாய் ஏற்கெனவே அந்த இடத்தில் தரையில் கிடக்கிறது, லோரி ஏறி ஏறி மாதத்துக்கு ஒரு தடவை உடைகிறது. அதைத் தூக்கிக் கட்டினால் குழாய் உடையாது என்று மண்டோரிடம் சொன்னேன். கொங்காங் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மேனேஜர் அன்று மாலையே சரி சொல்லிவிட்டார்.

29 ஜனவரி

ஞாயிறு காலை கட்டுகிறோம். குழாய் தொய்யாமல் இருக்க மேலே ஒரு கம்பிக்கயிறு, லோரி உயரத்துக்கு மேல் தாராளமாக இடம், இரு முனையும் இலை அடர்ந்த கிளைக்குள் போய் முடிய வேண்டும், மொட்டை மரத்தில் கட்டிப் பயனில்லை. மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், பழைய டயர்ப் பட்டையைச் சுற்றிக் கட்டலாம். எங்களிடம் ஆள் இருக்கிறது, கயிறு இருக்கிறது. நீள ஏணி இல்லை. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அலுமினிய ஏணி வேண்டாம், பக்கத்தில் மின்கம்பி போகிறது. மூங்கிலோ பைபர் ஏணியோ இருந்தால் நல்லது. பசியாற ரொட்டி சானாய் என் செலவு.